சொட்டுத் தண்ணி புகாத ஜீப்பு

எல்லப்பனுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன் அவன்தான். கல்லில் உரசியதோ, பக்கத்துப் படகு இடித்ததோ, எந்த ஓட்டையும் அவன் கைக்கு வந்தால் மறுநாளே அடைந்துவிடும். வீட்டிலும் அதே குணம். குடம் கீறினால் ஒட்டு, குளியலறைக் கதவு அரித்துப்போனால் ஒட்டு. ஒரு தடவை மனைவி மனோரமாவின் செருப்பு தேய்ந்து துளை விழுந்ததற்கும் ரெசின் தடவி ஒட்டுப் போட்டான். அதைப் போட்டுக்கொண்டு ஏலக் கொட்டகைச் சிமெண்டுத் தரையில் அவள் நடந்தால் குதிரை வருகிறதோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன் வாய்க்கு ஒட்டுப் போடத்தான்யா ஆளில்ல" என்று அவள் அன்றைக்குச் சொன்னாள்.

அப்படிப்பட்டவன் வீட்டு முன்னால், தார்ப்பாய் நிழலில், அடித்தரை முழுக்க ஓட்டையாக ஒரு பழைய ஜீப் வந்து நின்றதற்கும் அந்த வாய்தான் காரணம்.

எல்லப்பனுக்கு ஒரே மகள், வெண்ணிலா. சுண்ணாம்புக்குளத்துத் தினகரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் வளைகாப்பு, வளையல் போட்ட கையோடு பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். சேதி கேட்ட அன்றே மனோரமா பழைய நூல் புடவைகளைத் துவைத்து, கிழித்து, மடித்து, பிள்ளைக்கென்று தனியாக வைத்துவிட்டாள். நாள் குறிக்கச் சம்மந்தி வீட்டுக்குப் போனபோதுதான் வெண்ணிலாவின் மாமியார் தேவகி அந்தப் பேச்சை எடுத்தாள்.

தேவகி பொல்லாதவள் இல்லை. புருஷன் போன பிறகு ஏரியில் தனியாகவே படகு தள்ளி, இறால் பிடித்து, மகனை ஆளாக்கியவள். மருமகள் என்றால் உயிர். வெண்ணிலா வாந்தி எடுத்தால் அன்றைக்கு இவளும் சோற்றில் கை வைக்க மாட்டாள். சிக்கலே அதுதான்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க," என்றாள், மடவை மீன் குழம்பை அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே. "வளைகாப்ப ஜோரா செய்வோம். ஆனா புள்ள இங்கியே இருக்கட்டும். கார்த்திகையில ஒங்க ஓடை ரொம்பிடும். வலி எடுத்தா நூத்தியெட்டு வண்டி அந்தாண்ட கரையில நிக்கும், இவ இந்தாண்ட கெடப்பா. நடுவுல யாரு தூக்கிக்கினு போறது?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. எல்லப்பன் வீடு இருந்த தெரு குப்பத்தின் கோடியில் ஒதுங்கிக் கிடந்தது. தார் ரோடு முடிகிற இடத்துக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் ஒரு பள்ளம். கோடையில் அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மழை பிடித்து ஏரி பெருகிவிட்டால் பள்ளம் ஓடையாகி, தொடை மட்டும் தண்ணீர் நிற்கும். நடந்தால் சேற்றில் கால் வழுக்கும். படகைக் கொண்டுவரலாமென்றால் இரண்டு கரையிலும் சேற்றில் தட்டிப்போய்ப் பாதியில் இறங்கித் தள்ள வேண்டும். கரையில் படகு இழுக்கிற டிராக்டரில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற யாருக்கும் மனம் வராது.

மனோரமா குனிந்துகொண்டாள். தட்டிலிருந்த சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். அவள் கண் நிறைவதை எல்லப்பன் பார்த்தான். அவனுக்கு அது பொறுக்காது. கல்யாணமான நாளிலிருந்தே பொறுக்காது.

"ஓடை ரொம்பினா இன்னா தங்கச்சி?" என்றான். "நம்மகிட்டதான் வண்டி கீதே. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்பு. தண்ணியில பூந்து வரும்."

மனோரமா நிமிர்ந்து பார்த்தாள். தேவகியும் பார்த்தாள்.

"ஜீப்பா? எப்ப வாங்குனீங்க?"

"இப்பதான்," என்று சொல்லிவிட்டு எல்லப்பன் மீன் முள்ளை மும்முரமாக எடுக்க ஆரம்பித்தான்.

தேவகி ஏமாறுகிற ஆள் இல்லை. "அப்ப சரி. ஓடை ரொம்பினப்பறம் நானே வந்து அதுல ஏறிப் பாக்கறேன். என்னை நல்லபடியா கரை சேத்தீங்கன்னா எம் மருமவளையும் அனுப்பறேன். இல்லன்னா தலைப்பிரசவம் இங்கதான்."

பஸ்ஸில் பழவேற்காடு வந்து சேர்ந்தார்கள். இறங்கியதும் மனோரமா கேட்டாள். "இன்னா வண்டியா கீது நம்மகிட்ட? ஐஸ் பொட்டி தள்ற வண்டியா?"

தோணிரேவுப் பக்கம் ஓர் இறால் பண்ணை மூடிக் கிடந்தது. அதன் ஃபைபர் தொட்டிகளுக்கு எல்லப்பன் வருஷக்கணக்காக ஒட்டுப் போட்டவன். பண்ணைக்காரர் காலி செய்துகொண்டு போகும்போது, தீவன மூட்டை ஏற்றுகிற ஜீப்பைக் காட்டி, "வேணும்னா எடுத்துக்கோ எல்லப்பா, இல்லன்னா காயலாங்கடைக்குப் போய்டும்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு வந்தவன், இப்போது அவருக்குப் போன் போட்டு அது இன்னும் இருக்கிறதா என்று குழைந்து கேட்டான். இருந்தது. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"முட்டையோட சேத்துக் குடுத்தாரா மாமா?" என்று கேட்டான் பூவரசன். படகு எஞ்சின் மெக்கானிக். எல்லப்பனோடு எந்தக் காரியத்திலும் இறங்குவான், இறங்கிய பிறகு கிண்டல் செய்வான். இரண்டு பேருமாக ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து, இரண்டு தென்னைக்கு நடுவில் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் நிறுத்தினார்கள்.

எஞ்சின் பூவரசன் வேலை. டீசல் எஞ்சின் அவனுக்குப் புதுசில்லை. டேங்கைக் கழுவினான். மக்கிப்போன டீசல் குழாய்களை மாற்றினான். முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற குட்டி லீவர் துருவில் இறுகி, பிடித்து வைத்ததுபோல் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊற வைப்பதும் தட்டிப் பார்ப்பதுமாகக் கொஞ்ச நாள் போயிற்று. கடைசியில் அது டக்கென்று விழுந்தபோது எல்லப்பனும் பூவரசனும் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் காற்று இழுக்கிற வழியில் தண்ணீர் போய்விடக் கூடாதென்று பிவிசி பைப்பை முன்கண்ணாடி ஓரமாக மேலே ஏற்றிக் கட்டினார்கள். புகைக் குழாயையும் தூக்கிவிட்டார்கள். சக்கரத்து பேரிங்கெல்லாம் படகுக்குப் போடுகிற கிரீஸாலேயே நிரம்பின.

உடம்பு எல்லப்பன் வேலை. இங்கேதான் அவன் தன் கைவரிசையைக் காட்டினான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் துரு அப்பளமாக உதிர்ந்து, அடித்தரை வழியாக மணல் தெரிந்தது. ஃபைபர் மேட்டை அளந்து வெட்டி, ரெசினில் நனைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று படகுக்குப் போடுவதைவிடக் கெட்டியாகப் போட்டான். கதவே இல்லாத ஜீப்புக்கு இரண்டு பக்கமும் ஃபைபரிலேயே அரைக்கதவு செய்தான். இடுக்கில் லாரி டியூபை வெட்டி ஒட்டி, சாத்தினால் காற்றுகூடப் போகாதபடி செய்தான். வெண்ணிலா சிரமப்படாமல் ஏறத் தாழ்வாக ஒரு படியும் வைத்தான்.

தரையில் சில வட்ட ஓட்டைகள் மட்டும் துருவால் வந்தவை இல்லை. வண்டி செய்யும்போதே போட்டவை. எல்லப்பன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"டேய் பூவரசா, தண்ணி பூர்றதுக்குன்னே வழி உட்டு வச்சிருக்கான் பார்றா."

"ஓடையப் பாத்திருக்க மாட்டான் மாமா. அடைச்சி உடு."

அடைத்துவிட்டான். அதையும் இரட்டை மேட் போட்டு.

அந்த நாட்களில் அவனுக்கு நேரத்துக்குச் சோறு இறங்கியதென்றால் அது மனோரமாவால்தான். இரண்டு கையிலும் ரெசின் அப்பிக்கொண்டு நிற்பவனுக்கு அவளே தட்டோடு வந்து ஊட்டிவிடுவாள். வாய் மட்டும் திட்டிக்கொண்டிருக்கும். "சோறு, கொழம்பு, தலகாணி எல்லாத்துலயும் இதே நாத்தம். வாயத் தொற. இது ஓடலன்னா ஒன்ன இதுலயே வச்சி ஒட்டிடுவேன்." அவன் மென்றுகொண்டே சிரிப்பான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். மகள் வரப்போகிறாள் என்ற நினைப்பு இரண்டு பேரையும் இளசாக்கியிருந்தது.

வேலை முடிந்ததும் குப்பத்து வழக்கப்படி சோதனை போட்டார்கள். ஒட்டுப் போட்ட படகில் தண்ணீரை நிரப்பி வைத்து, அடியில் கசிகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். ஜீப்புக்கும் அதையே செய்தார்கள். மோட்டாரைப் போட்டு சீட் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு, காலையில் வந்து பார்த்தால் மணல் காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு கசியவில்லை. தெருவே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனது. பெரிய பெரிய படகோட்டிகளெல்லாம் தட்டிப் பார்த்து, "கில்லாடிதான்யா நீ" என்றார்கள். அத்தனை பேர் பார்த்தும், அதில் என்ன தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. எல்லோரும் கடல்காரர்கள். தண்ணீர் உள்ளே வராமலிருந்தால் நல்லது என்பதைத் தவிர வேறு பாடம் அவர்கள் படித்ததில்லை.

உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்றத்தான் வழி இல்லை. மனோரமா சொம்பை எடுத்துக்கொண்டு ஏறி மொண்டு மொண்டு ஊற்றினாள். "எறைக்கிறதுக்கு ஒரு ஓட்டையாவது உட்டிருக்கலாமில்ல?" என்று கேட்டாள். எல்லப்பன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புதுப் படகுக்குச் செய்வதுபோல் கங்கையம்மனுக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, முன்பக்கம் நீலப் பெயின்ட்டில் 'வெண்ணிலா' என்று எழுதினான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடை நிரம்பியது. தேவகி சொன்ன சொல் தவறாமல் வந்து அக்கரையில் இறங்கினாள். எல்லப்பன் யார் யாரிடமோ உலர்ந்த சட்டை கேட்டு, டாஷ்போர்டிலிருந்த பழைய கறைகளையெல்லாம் துடைத்து, காலி ஜீப்போடு ஓடையோரம் தயாராக நின்றான். தண்ணீர் வடிகிற நேரம் வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்துவிட்டு, மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்த நேரத்தில் மட்டும் ஆழம் குறைகிற கோடி வழியாக அக்கரைக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டான். ஆழம் பார்க்க ஒரு சவுக்குக் கழி பின்பக்கம் கிடந்தது. தேவகி கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள், ரப்பரை அழுத்திப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எல்லப்பன் நினைத்தான். இக்கரையில் மனோரமாவும் தெரு ஜனமும் நின்றார்கள்.

இந்தத் தடவை நேராக நடு ஓடையில் இறக்கினான். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நாலு சக்கரமும் சேற்றைக் கவ்விக்கொண்டு ஏறின. தண்ணீர் கதவு மட்டத்துக்கு வந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா தங்கச்சி?" என்று எல்லப்பன் பெருமையாகத் திரும்பினான்.

அப்போது ஜீப்பின் பின்பக்கம் மெதுவாக எழும்பியது.

ஸ்டீரிங்கைப் பிடித்தான், வண்டி கேட்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான், பின்சக்கரம் வெறும் தண்ணீரை அடித்தது. கனமான முன்பக்கம் மட்டும் தரையில் ஊன்றியிருக்க, வண்டி அதைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, பிறகு அதுவும் வழுக்கி, வடிகிற தண்ணீரோடு முகத்துவாரம் பக்கம் நகர ஆரம்பித்தது. ஜீப் மிதக்கிறது என்பதை எல்லப்பன் நம்பவே சற்று நேரமாயிற்று. ஆயுசில் எத்தனையோ படகை மிதக்கவிட்டவன், இதற்காக முதன்முறையாக வருத்தப்பட்டான்.

கரையில் கூச்சல் கிளம்பியது. மனோரமா தலையில் கை வைத்தாள். தேவகி மட்டும் அலறவில்லை. ஏரிக்காரி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி நின்று, சவுக்குக் கழியை எடுத்து ஓடையின் அடியில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள். ஜீப் திரும்பியது. இன்னொரு தள்ளு. "எஞ்சின நிறுத்துங்கண்ணா, சும்மா கத்திக்கினு," என்று சொல்லிவிட்டு, இடமும் வலமுமாகக் கழி மாற்றி ஊன்றி, ஜீப்பைத் தள்ளிக்கொண்டுவந்து மனோரமாவின் காலடியில் சேர்த்தாள். கரையில் ஒருத்தன் விசிலடித்தான். பூவரசன் செல்போனில் அத்தனையையும் பிடித்துவிட்டான்.

தேவகி இறங்கிப் புடவையை உதறினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நல்ல படகுண்ணா. குத்தம் சொல்ல முடியாது. எங்க ஏரியில உட்டா எறால் புடிக்கலாம்," என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனா என் கையில கழி இருந்திச்சி, வந்துட்டேன். வவுத்துப் புள்ளக்காரி இன்னா பண்ணுவா? வேணாம் அண்ணி. மன்னிச்சிக்கோங்க. அவ அங்கியே இருக்கட்டும்."

மனோரமா தலையை மட்டும் ஆட்டினாள். சம்மந்தியை உள்ளே கூட்டிப்போய் நாஸ்தா கொடுத்து, பூ வைத்து, கோடி வழியாக நடந்தே போக ஆட்களைத் துணைக்கு விட்டு அனுப்பினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, மடித்து வைத்திருந்த பழைய புடவைத் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லப்பன் வாசலில் நின்றபடியே அதைக் கேட்டான். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் காலையில் பூவரசன் வந்தபோது எல்லப்பன் ஜீப்புக்கு எதிரில் குந்தியிருந்தான்.

"வண்டி தரையில நின்னாத்தானேடா இழுக்கும்," என்றான். "நான் அத்த தரையில நிக்கவே உடல."

"அப்ப இன்னா மாமா பண்றது?"

"உள்ள தண்ணி வந்தா கனம் வரும். கனம் வந்தா சக்கரம் ஊணும்." எல்லப்பன் ஜீப்பின் அடியைக் குனிந்து பார்த்தான். "ஓட்டை போடணும்."

சொல்வது சுலபம். ட்ரில்லிங் மெஷினை எடுத்து, ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, ஜீப்புக்குள் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். முனையைத் தரையில் வைத்தான். பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. கண்ணாடி போல வழவழப்பாகக் கிடந்தது ஒட்டு. அந்தக் குப்பத்தில் ஒருவன் இன்னொருவன் படகின் அடியில் ஓட்டை போட்டான் என்றால் அந்தக் குடும்பத்தோடு பேச்சு வார்த்தை நின்றுவிடும்; நல்லது கெட்டதுக்குக்கூட யாரும் போக மாட்டார்கள். அவ்வளவு பெரிய பாவம். அதைத் தன் கையாலேயே, தன் வேலைக்கே, மகள் பேர் எழுதிய வண்டிக்கே செய்யச் சொன்னால்? மெஷினை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

மனோரமா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"தள்ளுய்யா."

"மனோ, இரு, நானே..."

"நீ போட மாட்ட. ஒனக்கு அது வராது. கண்ண மூடிக்கோ."

எல்லப்பன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் அலறியது. வெள்ளைத் தூள் பறந்து அவன் முகத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது ஓட்டை வழியாக மணல் தெரிந்தது. மனோரமா தும்மிவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். வண்டியோடு வந்த அதே வட்டங்களைத் தேடித் தேடிப் போட்டாள். அவள் கோணலாகப் போடுவதைப் பார்க்கச் சகிக்காமல் கடைசியில் அவனே மெஷினை வாங்கி ஓரங்களைச் சீராக்கினான். அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவள் தன் முந்தானையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று மாலையே ஓடையில் இறக்கினார்கள். மனோரமாதான் ஏறி உட்கார்ந்தாள். நடு ஓடையில் தண்ணீர் ஓட்டைகள் வழியாகக் குபுகுபுவென்று உள்ளே வந்து அவள் கணுக்காலை மூழ்கடித்தது. ஜீப் எழும்பவில்லை. சேற்றை அழுத்திப் பிடித்து, உறுமிக்கொண்டு, நேர்க்கோடாக அக்கரை ஏறியது. ஏறி நின்றதும் உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் வந்த வழியே ஒழுகிப்போயிற்று. போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். பூவரசன் பிடித்த வீடியோவைத் தேவகிக்கு அனுப்பினான். பிறகு மனோரமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணி, பாத்தேன். நாலு வாட்டி பாத்துட்டேன். நீங்க ராணி மாரி தண்ணிக்குள்ள கால உட்டுக்கினு ஒக்காந்துனு கீறீங்க. ஒங்க பொண்ணு சிரிச்சி சிரிச்சி அழுவுறா. சரி, கூட்டிக்கினு போங்க. ஆனா நானும் கூட வந்து எறக்கி உட்டுட்டுத்தான் வருவேன்."

மனோரமா அதைக் காதில் வைத்து எத்தனை முறை கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அதோடு எல்லப்பன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் லாரி டியூபில் மிச்சமிருந்த ரப்பரை வெட்டி, ஓட்டைக்கு ஒன்றாகக் கச்சிதமாக அடைப்பான் செய்து வைத்தான். எதற்கு என்று மனோரமா கேட்டதற்கு, "சும்மா நிக்கிற நேரத்துல எலி பூந்துடும்" என்றான். அப்போது அது உண்மைதான்.

வளைகாப்புக்கு மனோரமா முதல் நாளே சுண்ணாம்புக்குளம் போய்ச் சடங்கைப் பார்த்துவிட்டு, ஆரத்தி கரைக்க வேண்டுமென்று முன்னதாகவே திரும்பி வந்துவிட்டாள். மத்தியானம் தாண்டி தினகரன் வாடகைக் காரில் பெண்டாட்டியையும் அம்மாவையும் கூட்டிவந்தான். தார் ரோட்டின் முடிவில் எல்லப்பன் ஜீப்போடு காத்திருந்தான். வெண்ணிலா கை நிறையக் கண்ணாடி வளையல், தலை நிறையப் பூ, நிறைமாத வயிறோடு காரிலிருந்து இறங்கி, "நைனா" என்றாள். எல்லப்பனுக்கு உலகத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. மகளைத் தாழ்வான படியில் கால் வைக்கச் செய்து, முன்சீட்டில் மனோரமாவின் தலையணையை அண்டைகொடுத்து உட்கார வைத்தான். பின்னால் தினகரனும் தேவகியும் ஏறினார்கள். தேவகி ஏறும்போதே கழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓடையில் இறங்கினார்கள். சக்கரம் மூழ்கியது. கதவு மட்டம் வந்தது. உள்ளே காய்ந்து கிடந்தது. நடு ஓடைக்குச் சற்று முன்னால் எல்லப்பனின் முதுகுத்தண்டுக்குத் தெரிந்தது, பின்பக்கம் லேசாகிறது என்று.

அவன் வண்டியை நிறுத்தினான். காரணம் அவனுக்குத் தெரியும். காலையில், யாரும் எழுமுன், ஜீப்பை அக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அடைப்பான்களையெல்லாம் இறுக்கிச் செருகியது அவன்தான். தப்பு என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அன்று ஏறப்போவது மனோரமா இல்லை, அவன் மகள். மாசமான பெண்ணின் காலில் மழைத் தண்ணீர் படுவதை நினைத்தபோது அவன் கை தன்னாலேயே அதைச் செய்துவிட்டது. நாலு பேர் கனம் இருக்கிறதே, இன்றைக்கு ஒரு நாள் தாங்காதா என்று மனசுக்குச் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டான்.

"இன்னா நைனா, நின்னுடிச்சா?"

"இல்லம்மா. கால கொஞ்சம் தூக்கு."

"எங்க தூக்கறது? வவுறு தெரியிதா இல்லியா?"

பின்பக்கம் இன்னும் ஓர் அசைவு அசைந்தது. எல்லப்பன் குனிந்தான். மகளின் மெட்டி போட்ட கால்களை ஒரு கையால் மெல்ல நகர்த்தி, அவற்றுக்கு அடியிலிருந்த ரப்பரைப் பிடித்தான். ஒரு கணம் கை அப்படியே நின்றது. பிறகு பிடுங்கினான். தண்ணீர் குபுக்கென்று கொப்பளித்தது. தன் பக்கத்து அடைப்பானையும் பிடுங்கினான். "தங்கச்சி, தினகரா, காலாண்ட கீற ரப்பரெல்லாம் புடுங்குங்க, ஜல்தி!"

"அடைச்சா வச்சிருந்தீங்க?" என்றாள் தேவகி. கழியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பிடுங்கினாள்.

தண்ணீர் நாலாப்பக்கமும் சுழித்துக்கொண்டு ஏறியது. வெண்ணிலாவின் மெட்டி மறைந்தது, கொலுசு மறைந்தது, மஞ்சள் பூசிய கணுக்கால் மறைந்தது. குளிரில் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு அப்பன் கையைப் பிடித்தாள்.

"நைனா, தண்ணி வருது."

"வரட்டும்மா," என்றான் எல்லப்பன். "வரட்டும்."

ஜீப் கனத்து, இறங்கி, அடிச்சேற்றில் உட்கார்ந்தது. அவன் கியரைப் போட்டான். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. அதன் பிறகு வண்டி ஓர் இடத்திலும் தயங்கவில்லை.

மனோரமா ஆரத்தித் தட்டோடு கரையில் நிற்க வேண்டியவள். நிற்கவில்லை. முழங்கால் தண்ணீருக்கே இறங்கி வந்துவிட்டாள். ஆரத்தியில் பாதி ஓடையிலேயே கொட்டிப்போயிற்று. மிச்சத்தைச் சுற்றித் திருஷ்டி கழித்து, கதவைத் திறந்து, மகளை அணைத்து இறக்கி, ஜீப்பின் தாழ்வான படியில் உட்கார வைத்தாள். ஜீப்பின் அடியிலிருந்து தண்ணீர் மணலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

தேவகி பிடுங்கிய ரப்பர்களையெல்லாம் இடுப்புச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுண்ணா," என்றாள் எல்லப்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "புள்ள பொறந்து, அவ நல்லபடியா எங்க ஊட்டுக்கு வந்தப்பறம் வாங்கிக்கோங்க. அண்ணிகிட்ட நான் ஒண்ணியும் சொல்லல."

எல்லப்பன் தலையாட்டினான். தோள் துண்டை எடுத்து மகளின் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, நனைந்த பாதங்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் துடைத்தான். விரல் இடுக்கெல்லாம் துடைத்தான்.

"அழுவுறியா நைனா?"

"அட, ரெசின் வாசன. கண்ணு எரியிது."

"ரெசின் காஞ்சி எத்தினி மாசமாவுது," என்று சொல்லிவிட்டு, வளையலெல்லாம் குலுங்க வெண்ணிலா அவன் தலையில் கை வைத்தாள்.